பிளாப்பியில் ஏறாத எழுத்து

விடிந்து வெளிச்சம் வரும்போதே தயாளினி குளித்து, சேலை கட்டி, பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாடக்குறிப்பு இருக்கிறது. வெண்கட்டி இருக்கிறது. கணினிப் பக்கங்களைப் பதிந்த பிளாப்பித் தகடு இருக்கிறது. அது பழுதானால் என்ன செய்வது என்று, அதே பக்கங்களைப் பதிந்த இன்னொரு பிளாப்பியும் இருக்கிறது.

"உள்ள சாமான் ஒண்டும் ஓடிப்போகாதுகா. வந்து புட்டத் தின்னு," என்றாள் அம்மா சீதேவிப்பிள்ளை.

"பசிக்கல்லம்மா."

"கொழும்புல மாமி வீட்டில இப்பிடிச் சொல்லிப் பாரு. ரெண்டாந்தரம் கேக்கமாட்டா."

கொழும்பு. அந்தச் சொல் போன கிழமையிலிருந்து ஆரையம்பதியில் அந்த வீட்டுக்குள் ஒரு விருந்தாளியைப் போல வந்து குந்திக்கொண்டு, எழும்பிப் போகமாட்டேன் என்கிறது.

தயாளினி தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் இல்லை; பிள்ளைகளுக்கு வரலாறும் தமிழும் படிப்பிக்கிறாள், நாளைக்கு வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சமாதான ஒப்பந்தம் வந்து வருசம் ஒன்று கடந்தும் வீதியில் சோதனைச்சாவடிகள் அப்படியே நின்றன. ஒரு வயதுக்கு வந்த பிள்ளை பின்னேரங்களில் பஸ் ஏறித் திரிவது அண்ணன் அழகரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. வெள்ளவத்தையில் புடவைக்கடை ஒன்றில் வேலை இருப்பதாக மாமா தகவல் அனுப்பியதும் அம்மாவும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தயாளினி அந்த வாக்கைக் கொடுத்தாள். ஆசிரிய ஆலோசகர் அவளுடைய பாடத்தைப் பார்க்க வருகிறார். நல்லது என்று எழுதினால், நியமனம் கிடைக்கும், அவள் ஊரில் இருப்பாள். இல்லை என்றால் மறுபேச்சில்லாமல் கொழும்பு பஸ் ஏறுவாள்.

அவர் வரும் நாள் இன்றுதான்.

வெளியே அழகரத்தினத்தின் ஆட்டோ உறுமியது.

"தயா! நேரம் போகுது, வாறியா இல்லியா?"

அவள் ஓடிப்போய் ஏறினாள். பாடசாலைச் சந்தியில் இறக்கிவிட்டபோதுதான் அவன் கேட்டான்.

"எல்லாம் சரிதானே?"

"சரி அண்ணன். றமீஸாட கடையில நாலு தரம் போட்டுப் பாத்தனான்."

றமீஸாவின் பெயரைக் கேட்டதும் அவன் முகம் ஆட்டோவின் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டது. சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்குப் பட்டது.

காத்தான்குடியில் றமீஸாவின் கணினி நிலையத்தில்தான் தயாளினி மாலை வகுப்புக்குப் போகிறாள். அழகரத்தினம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு ஹயர் போகும் நாளெல்லாம் காத்தான்குடிக்கு நடுவால்தான் போகிறான். ஆனால் அங்கே ஓரிடத்திலும் பிரேக் பிடிக்கமாட்டான். தொண்ணூறாம் ஆண்டு, தமிழரின் ஆரையம்பதியும் முஸ்லிம்களின் காத்தான்குடியும் ஒன்றோடொன்று பகைத்து, தங்கள் தங்கள் பிரேதங்களை அடக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், காத்தான்குடிச் சந்தைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அந்த ஊர் ஒரு நீளமான வீதி மட்டும்தான்.

தங்கச்சி அங்கே போய் என்ன படிக்கிறாள் என்று அவன் கேட்டதுமில்லை.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். ஆண்டுகளையும் அரசர்களையும் புத்தகத்திலிருந்து வாசித்தால் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிடுகின்றன. ஆனால் இணையத்தில் உலகத்தின் எங்கெங்கோ உள்ளவர்கள், யாரிடமும் காசு கேட்காமல், பழைய கல்வெட்டுப் படங்களையும் ஊர்க் கதைகளையும் அள்ளி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கம், கனடாவிலோ எங்கோ இருக்கும் மட்டக்களப்பு ஆள் ஒருவர் தட்டெழுதிப் போட்டது. நெற்கதிரை மாடு விட்டுச் சூடு மிதிக்கும் களத்தில் நம் கமக்காரர் பேசும் தனிப் பேச்சைப் பற்றி. அதைக் கண்ட மாலை அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வரலாற்று மூலாதாரங்கள் என்ற பாடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

*

பாடசாலையின் கணினி, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கொடுத்தது. மேலே போட்ட பொலித்தீனைக்கூட இன்னும் சரியாகக் கழற்றவில்லை. தயாளினி பிளாப்பியைச் செருகினாள். கல்வெட்டுப் படம் வந்தது. நல்ல தெளிவு.

அடுத்து களப் பேச்சுப் பக்கத்தைத் திறந்தாள்.

தமிழ் வரவில்லை. இங்கிலீசு எழுத்துகளும் அரைப்புள்ளிகளும், பெட்டியிலிருந்து கொட்டிய ஊசிகளைப் போல, திரை முழுக்கக் கிடந்தன.

இரண்டாவது பிளாப்பியைப் போட்டாள். அதே ஊசிகள்.

அதிபரின் அறைக்கு ஓடித் தொலைபேசியை எடுத்தாள்.

"றமீஸா, எழுத்தெல்லாம் கொட்டுண்டு போச்சு."

"எப்பிடித் தெரியுது? இங்கிலீசு மாதிரியா?" றமீஸா சிரித்துவிட்டாள். "டீச்சர், ஃபொன்ட் இல்ல. தமிழ் எழுத்து என்ட மெஷின்லதான் இரிக்கி. நீங்க பக்கத்த மட்டும் கொண்டு போயிட்டீங்க."

"நீங்க சொல்லித் தரல்லியே!"

"அடுத்த பாடத்தில இரிந்திச்சி. நீங்க அவசரப்பட்டுட்டீங்க. ஆராவது வந்தா பிளாப்பில போட்டுத் தாறன், ரெண்டு நிமிசம்."

ஆராவது. தயாளினி சந்திக்கு ஓடினாள். ஆட்டோ ஸ்டாண்டில் அழகரத்தினம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். பேப்பரை மடித்தான்.

"வேற ஆரையும் அனுப்பேலாதா?"

"உங்கள விட்டா எனக்கு ஆர் அண்ணன்?"

"ஒரு ஹயர் இரிக்கு," என்றான், அவளைப் பார்க்காமல்.

அவள் திரும்பி நடந்தாள். நடக்கும்போதே கணக்குப் போட்டாள். கணினியை மூடிவிட்டுப் புத்தகத்தை வாசிக்கலாம். பிள்ளைகள் தூங்கும். ஆலோசகர் எழுதுவார். கொழும்பில் சேலை மடிக்கப் பழகிக்கொள்ளலாம். யாரோ ஒரு கெட்டிக்காரிக்குத் தோன்ற வேண்டிய யோசனை தவறிப்போய்த் தன்னிடம் வந்துவிட்டது என்று அவளுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம். இப்போது சாட்சியும் வந்துவிட்டது.

பாடசாலை வாசலில் மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது. ஆசிரிய ஆலோசகர் வினாயகமூர்த்தி சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்.

*

பிள்ளைகள் கணினி அறைக்குள் ஓடி வந்தார்கள். ஆலோசகர் பின்வரிசை வாங்குப் பலகையில் அமர்ந்து பாடக்குறிப்பை விரித்தார். தயாளினி கணினியை மூடக் கையை நீட்டினாள்.

"டீச்சர், கொம்பியூட்டருக்குக் காய்ச்சலா?" என்றான் யதுர்சன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"பினாத்துது டீச்சர். தலையில தண்ணி ஊத்துங்க."

"இல்லடா, அது இங்கிலீசு," என்றாள் பிறேமினி.

"இங்கிலீசில நடுச்சொல்லுக்குள்ள அரைப்புள்ளி வருமா? நீ படிச்ச இங்கிலீசு!"

தயாளினியின் கை அந்தரத்திலேயே நின்றது. முப்பது பிள்ளைகளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் தூங்கவில்லை. இந்த ஆறு மாதத்தில் அவர்கள் எதையும் இப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

கையை இழுத்துக்கொண்டாள்.

"இது தமிழ்," என்றாள். "என்ட பிழையால உருமாறிப் போச்சு. ஒரு எழுத்துக்குப் பதிலா வேறொரு அடையாளம் வந்து நிக்குது. உங்களால வாசிக்கேலுமா?"

"எப்பிடி டீச்சர்? தெரியாத எழுத்த?"

அவள் கல்வெட்டுப் படத்தைத் திறந்தாள். "இதையும் எத்தனையோ நூறு வருசம் ஒருத்தராலயும் வாசிக்கேலாமப் போச்சு. வாசிக்கத் தெரிஞ்ச ஒரு மனிசரும் உயிரோட இல்ல. பிறகு வாசிச்சாங்களே, எப்பிடி?"

யதுர்சன் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான்.

"எந்த அடையாளம் திரும்பத் திரும்ப வருது எண்டு பாத்தாங்க. இந்த இடத்தில ஒரு பேர்தான் வரும் எண்டு ஊகிச்சாங்க. நாமளும் பாப்பம். இந்தத் தலைப்பு ஒரு ஊர்ப் பேர்."

கரும்பலகையில் வெண்கட்டியால் பெரிதாக எழுதினாள்.

kl;lf;fsg;G

"கல்முனை!" "கொழும்பு!" "காலி!"

"எழுத்த எண்ணிப் பாருங்கடா, கத்தாம."

பிறேமினி எழுந்து கரும்பலகைக்கே போய்விட்டாள். "டீச்சர், இந்த அரைப்புள்ளி மூண்டு தரம் வருது. முதல் ரெண்டுலயும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே எழுத்துத்தான் நிக்குது."

"அப்பிடியெண்டா?"

"ஒரே எழுத்து ரெண்டு, நடுவில ஒரு புள்ளி..." அவள் காற்றில் விரலால் எழுதினாள். "ட்ட. க்க. அரைப்புள்ளி எண்டது மேல வைக்கிற குத்து!"

"மட்டக்களப்பு!" என்று யதுர்சன் வாங்கின் மேலேயே ஏறிவிட்டான்.

அறை அதிர்ந்தது. அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தயாளினி ஒவ்வொரு அடையாளத்துக்குக் கீழேயும் அதன் தமிழ் எழுத்தை எழுதினாள். ம, ட, க, ள, ப. கடைசி அடையாளம் மட்டும் பெரிய எழுத்து; அதன் கீழே பு.

"அடுத்த சொல்," என்றாள்.

fsj;jpy;

"க... ள... கள்ளன்!"

"கள்ளனெண்டா ள-வில குத்து வேணும், உன்ட மண்டையில மாதிரி," என்றாள் பிறேமினி. "பிறகு வாறதுதான் இரட்டை எழுத்து. கள, த், த... களத்தில்! கடைசியிலயும் குத்து இரிக்கு. களத்தில்!"

மூன்றாவது சொல்லுக்கு அவர்களே கரும்பலகைக்கு வந்துவிட்டார்கள். முதல் எழுத்து ம. கடைசி எழுத்து, ட-வுக்குரிய அதே அடையாளம், ஆனால் பெரிது.

"பெரிசா எழுதினா 'உ' சேரும் போல," என்றான் இதுவரை வாயே திறக்காத ஒருவன். "ப பெரிசாகிப் பு வந்திச்சே. அப்ப இது டு."

"மாடு!"

களத்தில் மாடு. அந்த வரியின் மிச்ச அடையாளங்களை ஒவ்வொரு வாங்குக்கும் பிரித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது: களத்தில் மாடு என்று சொல்லலாகாது.

"ஓம் டீச்சர்!" என்றான் யதுர்சன். "எங்கட அப்பா வயல் வட்டைக்குள்ள சூடு மிதிக்கக்குள்ள மாட்ட வாரிக்காலன் எண்டுதான் சொல்லுவார். நெல்லெண்டும் சொல்லப்படாது. பொலி எண்டு சொல்லோணும். நான் ஒரு தரம் வாய் தவறி நெல்லெண்டு சொல்லி அடி வாங்கினனான்."

"ஏன் சொல்லப்படாது?"

"பேரக் கேட்டா பூதம் வந்து அள்ளிக்கிட்டுப் போயிருமாம். அதுக்கு விளங்காமப் பேசோணும்."

"பூதத்துக்கு ஃபொன்ட் இல்ல," என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். ஆலோசகரின் வாயோரம் ஒரு கணம் அசைந்ததா, அல்லது தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று தயாளினிக்குத் தெரியவில்லை.

"இந்தப் பேச்சு எந்தக் கல்லுலயும் வெட்டிக் கிடக்கல்ல," என்றாள் அவள். "களத்தில நிக்கிற ஆக்கள்ட வாயில மட்டும்தான் இரிக்கு. அப்ப யதுர்சன்ட அப்பா வரலாற்றுக்கு என்ன?"

இரண்டு மூன்று கைகள் உயர்ந்தன.

"மூலாதாரம்," என்றாள் பிறேமினி மெதுவாக.

யதுர்சன் சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

*

வினாயகமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடக்குறிப்பை அவள் முன் வைத்தார்.

"திரையில பக்கங்களைக் காட்டி வாசிப்பிக்கிறதா எழுதியிருக்கிறீங்க. நான் கண்டது அதில்ல."

"ஓம் சேர். எழுத்துருவ எடுத்து வர மறந்திட்டன். பிழைதான்."

"பிழைதான். கொண்டு வாற சாமானை அது ஓடுற இடத்தில ஒருக்காப் பரீட்சிச்சுப் பாக்கோணும். இதை நான் எழுதத்தான் வேணும்."

"ஓம் சேர்."

அவர் எழுதினார். கன நேரம் எழுதினார். பேனை மூடியைப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"மற்றதையும் எழுதியிருக்கிறன். நான் பதினெட்டு வருசமாப் பாடம் பாக்கிறன். மணி அடிச்சும் பிள்ளைகள் எழும்பாத வகுப்பு இது ரெண்டாவது." குரலைத் தாழ்த்தினார். "நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறன்."

தயாளினி நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"ஆனா இந்தப் பாடசாலைக்கில்ல, மகள். இஞ்ச வரலாற்றுக்கு வேறொரு ஆள் வாறார். வெற்றிடம் படுவான்கரையில. நாவற்சேனை. கரண்ட் இல்ல, கணினியுமில்ல. அதால ஒருத்தரும் போறாங்க இல்ல. நீங்க இண்டைக்கு வெண்கட்டியாலதானே படிப்பிச்சீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் தாங்க."

வாவிக்கு மறுகரை. இந்தக் கரையில் இராணுவத்தின் சோதனைச்சாவடி. அந்தக் கரையில், அரசோடு ஒப்பந்தம் செய்த இயக்கத்தின் சோதனைச்சாவடி. நடுவில் தண்ணீர்.

அவர் போன பிறகு வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. அழகரத்தினம் மூச்சு வாங்க ஓடி வந்தான். சட்டைப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய பிளாப்பியை எடுத்தான்.

"முடிஞ்சுதா? வாற வழியில சாவடியில ஆமி மறிச்சுப் போட்டாங்க. இதென்ன, இதென்ன எண்டு. எழுத்து எண்டன். எங்க எழுத்து, வெறுந்தகடெல்லோ எண்டு அவன். நான் எங்க போய் விளங்கப்படுத்த?"

தயாளினி சிரித்தாள். கண்ணில் நீரும் வந்தது.

"றமீஸாட கடைக்குள்ள போனீங்களா?"

"போகாம? வாசலில நிண்டு ஹோன் அடிச்சன். அந்தப் புள்ள வெளிய வந்து, 'டீச்சர்ட அண்ணனா? உள்ளுக்கு வாங்க காக்கா' எண்டிச்சு. கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்திச்சு."

"குடிச்சீங்களா?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு."

பதின்மூன்று வருசமாகப் பிரேக் பிடிக்காத இடம். அவள் பிளாப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பாடம் முடிந்துவிட்டது, இனி அது தேவையில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

*

மாலையில் குசினி வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சிபாரிசு என்றதும் நிமிர்ந்து, கையைக் கழுவி, மகளின் கன்னத்தைத் தடவினாள். படுவான்கரை என்றதும் மறுபடி மீனை எடுத்தாள்.

"துறை தாண்டிப் போறதுக்குக் கொழும்பு எவ்வளவோ பறவாயில்ல."

"வாக்குக் குடுத்திருக்கிறம் அம்மா," என்றான் அழகரத்தினம். "அவர் நல்லதெண்டு எழுதினா தயா ஊரில இரிப்பாள் எண்டுதானே பேச்சு."

"அது ஊரா? மறுகரை."

"வாவிக்கு அங்காலயும் எங்கட ஊர்தான்."

தயாளினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் இப்படியொரு சொல் அவன் வாயிலிருந்து வந்திருக்காது.

"நானே காலம்பற மண்முனைத் துறையில கொண்டு விடுறன். பின்னேரம் வந்து ஏத்துறன். ஒரு கிழமை பாப்பம். சரிவராட்டி விடுவம்."

"பாக்கத் தேவையில்ல," என்றாள் அம்மா. "என்ன பள்ளிக்கூடம் எண்டு சொன்ன நீ?"

"நாவற்சேனை."

கத்தி மீனில் பாதியில் நின்றுவிட்டது.

வெளியே வாவிப் பக்கமிருந்து காற்று வந்து வாழைச் சருகை உரசியது. அம்மா கத்தியை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. அவளுடைய முகத்தில் வந்தது பயம் அல்ல என்பது மட்டும் தயாளினிக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தை அப்படி அவள் ஒருநாளும் கண்டதில்லை. யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுக்கிற ஒரு சின்னப் பிள்ளையின் முகம்.

"உங்களுக்கு அந்த ஊரத் தெரியுமா அம்மா?"

"தெரியாம?"

"எங்களுக்குச் சொன்னதில்லியே."

"நீங்க கேட்டதில்ல." அம்மா மீன் துண்டுகளைச் சட்டியில் அலசி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். பிறகு மகனிடம், கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்று சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

"நாளைக்கு முதல் படகு எத்தின மணிக்கு மனே?"

"ஆறரைக்கு. ஏன்?"

"அஞ்சரைக்கு ஆட்டோவ எடு. நானும் வாறன். அங்க நான் பிறந்து வளந்த வீட்டுக் கதவத் தட்டோணும்; நான் வெளிக்கிட்ட நாளே எனக்கு மூடின கதவு. அது திறந்திச்செண்டா, இவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."